வண்டிக்கு அடியில் வேறொரு கை

என் தம்பி பெண்டாட்டி மார்லிஸுக்குப் பொறாமை வந்தால் சத்தம் போட மாட்டாள். கொட்டகையில் இருக்கிற ஸ்பேனர்களையெல்லாம் எடுத்து வெளியே பரப்பி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த ஏப்ரல் மாதம் முழுக்க அவளுடைய ஸ்பேனர்கள் கண்ணைப் பறித்தன. பக்கத்துப் பண்ணையில் இருக்கும் எனக்கே அந்தப் பளபளப்பு தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பக்கம் வந்து மார்லிஸைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நெடுஞ்சாலை முக்கில் வண்டிப் பட்டறை வைத்திருந்தவரின் மகள். கல்யாணத்துக்கு மற்றப் பெண்கள் தட்டுமுட்டுச் சாமான் கொண்டுவந்தால், இவள் மூன்று அடுக்குக் கருவிப் பெட்டி கொண்டுவந்தாள். டிராக்டர் இருமினாலும் சரி, காற்றாலைப் பம்பு மூச்சை நிறுத்தினாலும் சரி, சுற்றுப்பட்டுப் பண்ணைக்காரர்கள் என் தம்பி வெர்லின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கதவைத் திறக்கிறவன் வெர்லின். "மார்லிஸ் இருக்காளா?" என்பார்கள். "இருக்கா" என்பான். அவனும் ஒன்றுக்கும் உதவாதவன் இல்லை. மாடு பார்ப்பான், வேலி கட்டுவான், புல் அறுப்பான். ஆனால் அதெல்லாம் இங்கே எவனும் செய்கிற வேலை, அதற்காக யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

அவர்களிடம் ஒரு பழுப்பு நிறப் பிக்கப் உண்டு. அவர்கள் மகள் ட்ரூடிக்குப் பால்பல் விழுந்த வருஷம் வாங்கியது. இங்கே பெட்ரோல் போட வேண்டுமென்றால் அரைநாள் வேலை, அதனால் இரண்டு டேங்க் வைத்த வண்டிதான் எல்லாருக்கும் பிடிக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். ஒரு டேங்க் தீர்ந்தால் சுவிட்சைத் தட்டி மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். ஒவ்வொரு டேங்கிலிருந்தும் ஒரு குழாய் இஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும், இன்னொரு குழாய் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அதே டேங்கில் விடும். எந்த டேங்க் என்று முடிவு செய்வதற்கு வண்டிக்கு அடியில், நடுவில் ஒரு வால்வு. சங்கதி இவ்வளவுதான். ஆனால் துருப்பிடித்த வண்டியில் அந்த வால்வு சிக்கினால், இழுப்பது ஓரிடம், கொட்டுவது ஓரிடம் என்று ஆகிவிடும். மார்லிஸ் அந்த வண்டியில் கழற்றாத பாகம் கிடையாது. மெத்தையில் படுத்ததைவிட அதற்கு அடியில் படுத்ததுதான் அதிகம் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. கேட்டால் அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

மார்ச்சில் ஒமாஹாவில் ட்ரூடிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. மார்லிஸ் ஒரு மாதம் போய் இருந்தாள். கிளம்பும்போது நானும் வாசலில் நின்றேன். கணவனுக்கு முத்தம் கொடுத்த வாயால் அடுத்த நொடியே சொன்னாள்: "வண்டிக்கு அடியில எதையாவது நோண்டி வெச்சுடாத வெர்லின். நின்னுபோனா நிக்கட்டும். நீ தொட்டா எனக்கு ரெட்டை வேலை."

"சரி" என்றான் அவன்.

திரும்பி வந்த அன்றைக்கு அவளை முதலில் வரவேற்றது பெட்ரோல் வாடை. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வந்தாள். முன் டேங்கின் மூடி ஓரத்தில் ஈரம். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போட்டுப் போன நல்ல கால்சட்டையோடு அடியில் நுழைந்தாள்.

"எந்தக் கிறுக்கு பண்ணின வேலை இது?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "வால்வு புதுசு. குழாய் புதுசு. திரும்பி வர்ற குழாய் ரெண்டையும் இடம் மாத்தி மாட்டியிருக்கு. பின்னால இருந்து இழுத்து முன்னால ஊத்துது. யாரு வெர்லின் கை வெச்சது?"

வெர்லின் தொப்பியைச் சரி செய்துகொண்டான். "யாரும் கை வெக்கலையே."

"குழாய் தானா முளைச்சுதா?"

"எனக்கென்ன தெரியும்? கன்னு போடற சீசன். நான் தூங்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

இரண்டு குழாயை மாற்றி மாட்ட அவளுக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் அவள் செய்யவில்லை. என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் சமையலறை மேஜையில் உட்கார வைத்தாள்.

"லோரீன், தப்பா மாட்டினதுகூட எனக்குப் பெரிசில்ல. இந்தப் பழைய வண்டியில யாருக்கும் கொழம்பும். ஆனா வேலைய நீ பாக்கணும். எவ்வளவு அழகு தெரியுமா! குழாய அளவெடுத்து வெட்டி, எங்கயும் உரசாம வளைச்சு, கம்பியால கட்டி, கம்பி முனைய உள்பக்கமா மடக்கி விட்டிருக்கு. கை பட்டாக்கூடக் கிழிக்காது. நான்கூட அவ்வளவு பொறுமையாப் பண்ண மாட்டேன். ஒரு பொம்பளையோட வேலைடி அது."

அப்போதுதான் அவள் கண் அடுப்புமேடைமேல் போனது. அங்கே ஒரு தகரத் தட்டு. அது அவளுடைய தட்டு இல்லை. அடியில் ஒட்டிய பட்டியில் 'ரெனாட்டா' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் கசகசா ரொட்டியின் துணுக்குகள்.

போதாதா! ரெனாட்டா போகோர்னி வயோமிங்கிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. செத்துப்போன மாமாவின் பண்ணையை ஒற்றை ஆளாக ஓட்டுகிறாள். புருஷனை விவாகரத்து செய்தவள். பிக்கப்பின் பின்னால் வெல்டிங் மெஷின் வைத்திருப்பாள். அவள் சிரித்தால் இரண்டு மேடு தாண்டிக் கேட்கும். பக்கத்து வீட்டு மனிதன் தனியாக இருந்தால் நாங்கள் எல்லாருமே ஏதாவது சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம், நானும்தான் கொடுத்தேன். அதைச் சொன்னேன்.

"உன் தட்டுல குழாய் ஒட்டிக்கிட்டு வரலையே" என்றாள் மார்லிஸ்.

அன்றிலிருந்து அவள் தூக்கம் போயிற்று. எங்கள் மண்ரோட்டில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவோம். அதுதான் வணக்கம். ரெனாட்டா தன்னைப் பார்த்தால் ஒரு விரலும், வெர்லினைப் பார்த்தால் ஐந்து விரலும் தூக்குகிறாள் என்று மார்லிஸ் கண்டுபிடித்தாள். வெர்லின் வண்டியில் போகும்போது சுவிட்சையே பார்த்துக்கொண்டு ஓட்டுவதையும் கண்டுபிடித்தாள். முன்பெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுகிறவன், இப்போது எதையோ மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் ஓட்டுகிறான். உண்மையில் அவன் முன் டேங்க் நிறைந்து வழிவதற்குள் சுவிட்சைத் தட்ட வேண்டும், பின் டேங்க் நிறைவதற்குள் மறுபடி தட்ட வேண்டும் என்ற கவலையில் இருந்திருக்கிறான். மார்லிஸுக்கோ அது கள்ளத்தனமாகப் பட்டது.

"சரி பண்ணித் தொலையேண்டி. வாடை எங்க வீட்டு வரைக்கும் வருது" என்றேன் ஒருநாள்.

"பண்ண மாட்டேன். இப்படியே கெடக்கட்டும். தாங்க முடியாம அவகிட்டயே திரும்பக் கொண்டுபோவான் பாரு. அன்னிக்குப் புடிச்சுக்கறேன்."

அவள் செய்தது என்ன தெரியுமா? ட்ரூடியின் பழைய சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, குழாயை இறுக்கும் கிளிப்பின் திருகுமேல் ஒரு சொட்டு வைத்தாள். யாராவது திருகைத் தொட்டால் பாலிஷில் கீறல் விழுந்துவிடும். தினமும் காலையில் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பாள். பாலிஷ் அப்படியே இருக்கும். அதில் அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "இன்னும் கொண்டுபோகல பாரு. எவ்வளவு காபந்து பண்றான் அவள" என்று பொருமினாள். பொறாமைக்காரிக்குச் சாட்சி சொல்ல நகப்பாலிஷால்கூட முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மே மாதம் கன்றுகளுக்குப் பண்ணை அடையாளச் சூடு போடும் நாள் வந்தது. இந்த வேலைக்கு இங்கே யாரும் கூலி கொடுப்பதில்லை. இன்றைக்கு உன் பண்ணை, நாளைக்கு என் பண்ணை என்று எல்லாரும் எல்லாரிடமும் போவோம். வெர்லின் வீட்டில் அன்று பிள்ளைகுட்டிகளோடு இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். குதிரைமேல் இருந்தவர்கள் கயிறு வீசிக் கன்றுகளை இழுத்துவர, கீழே இருந்தவர்கள் பிடித்து அமுக்க, எரிவாயு அடுப்பில் இரும்பு சிவந்துகொண்டிருந்தது. அடுப்பு கவனிப்பு ரெனாட்டாவிடம். அவளைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, அப்படிச் செய்தால் ஊர் காரணம் கேட்கும். மார்லிஸ் அவளுக்குக் காப்பி கொடுத்த விதத்தைப் பார்த்தேன். கோப்பையை மேஜைமேல் வைத்ததில் பாதி தட்டில் கொட்டிவிட்டது.

மருந்துப் பெட்டியும் ஊசியும் பிக்கப்பில் இருந்தன. வெர்லின் மேட்டுப் புல்வெளியிலிருந்து வேகமாக ஓட்டிவந்து, தொழுவத்துக்குப் பக்கத்தில் சரிவில் நிறுத்திவிட்டு, குதித்து ஓடிவிட்டான். அவசரத்தில் சுவிட்சை மறந்துவிட்டான். நல்ல வெயில். நான் கன்றின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ரெனாட்டாவின் குரல்.

"எல்லாரும் தள்ளுங்க! தள்ளுங்க!"

அவள் எரிவாயுவை மூடி அடுப்பை அணைத்திருந்தாள். பிக்கப்பின் முன் டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் கோடாக வழிந்து, சரிவில் அடுப்பைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. இன்னும் ஆறேழு அடிதான். கேலன் என்ற பக்கத்துப் பண்ணைக்காரனும் இன்னும் மூன்று பேரும் வண்டியை மேலே தள்ளினார்கள். யாரோ மண்ணை வாரிப் போட்டார்கள். நான் பிடியை விட்டேன். கன்று எழுந்து தன் அம்மாவிடம் ஓடிவிட்டது.

ரெனாட்டா ஒரு இடுக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் சரிந்தாள். மார்லிஸ் சமையலறை வாசலிலிருந்து ஓடிவந்து நின்றவள், ரெனாட்டாவின் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டு வண்டிக்கு அடியிலிருந்து வேறொருத்தி கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"அட, திரும்பற குழாய் ரெண்டும் மாறிக் கெடக்கு! பின்னால குடிச்சு முன்னால துப்புது!" என்று உள்ளேயிருந்து சிரித்தாள் ரெனாட்டா. "எந்தப் புண்ணியவான் மாட்டினது? ஆனா ஒண்ணு சொல்லணும், கட்டு என்னா கட்டு! பட்டறைக்காரன் இப்படிக் கட்ட மாட்டான். இது வேலி கட்டற கை."

வெளியே வந்தவள் நேராகத் தொழுவ வேலிக்குப் போனாள். கம்பத்தில் கம்பி முறுக்கியிருந்த இடத்தை விரலால் தடவினாள். மாட்டின் தோல் கிழிந்துவிடாதபடி முனை உள்பக்கமாக மடக்கி விடப்பட்டிருந்தது. "இதே கட்டு" என்றாள்.

எல்லாரும் வெர்லினைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துபோயிருந்தது. அந்த வேலி முழுக்க அவன் கட்டியது. மார்லிஸ் தினமும் அதைத் தாண்டித்தான் கோழிக்கூண்டுக்குப் போகிறாள்.

"நீயா?" என்றாள்.

"நான்தான்."

"கேட்டனே. அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"அடியில இருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடியே 'எந்தக் கிறுக்கு'ன்னு கேட்ட. நான்தான் அந்தக் கிறுக்குன்னு கையத் தூக்கச் சொல்றியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை.

"சிரிங்கடா, சிரிங்க. என் வீட்டுக் கதவ இத்தன வருஷமாத் தட்டறீங்களே, எவனாவது ஒருத்தன் என்னைக் கேட்டு வந்திருக்கீங்களா? கேலன், நீ வந்திருக்கியா? நீயும் அவளும் இஞ்சினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஒரு மத்தியானம் பூரா பேசுவீங்க. நான் உள்ள உங்களுக்குக் காப்பி போடுவேன்." மார்லிஸ் பக்கம் திரும்பினான். "எனக்குப் பொறாமையா இருக்கும் மார்லிஸ். உம்மேல, இவனுங்க மேல, இந்தத் துருப்புடிச்ச தகரத்து மேல. நீ இல்லாதப்ப வால்வு போச்சு. புத்தகத்த வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் அடியில கெடந்தேன். நீ வந்து பாத்துட்டு, யாரு பண்ணது, நல்லா இருக்கேன்னு கேப்பேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

மாடுகள் கத்தின. என் தம்பி அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஆனா நீயும் அன்னிக்கே கண்டுபுடிச்சுட்டியே" என்றான் வெர்லின் மெதுவாக. "மாறிக் கெடக்குன்னு தெரியும். கால்மணி நேர வேலை உனக்கு. ஏன் அப்படியே விட்ட?"

"யாருன்னு தெரியணும்னு" என்றாள் மார்லிஸ்.

"இங்க நெருப்பு எரியுது. பிள்ளைங்க ஓடுதுங்க."

"யாருன்னு தெரியணும்னு" என்றாள் மறுபடியும்.

ரெனாட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ மார்லிஸ்! என்னையா நெனச்ச?" என்றாள். இரண்டு மேடு தாண்டிக் கேட்கும் அந்தச் சிரிப்பு அன்று வரவில்லை.

பழக்கத்தில் மார்லிஸின் கை இடுக்கிக்காக நீண்டது. ரெனாட்டா கொடுக்கப் போனாள். நீண்ட கை பாதியில் நின்றது. இப்போது அவள் அடியில் போனால் கால்மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அதற்குப் பிறகு வெர்லின் அந்த வண்டியை ஆயுசுக்கும் தொட மாட்டான். அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அவன்கிட்ட குடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். பாத்திரத் தொட்டி முன்னால் நின்று, ஏற்கெனவே கழுவிய தட்டுகளைத் திரும்பக் கழுவினாள். ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. வெர்லினின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவன் பக்கத்தில் ரெனாட்டாவும் படுத்து, சாமான்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தோளு படுது பாரு" என்றாள் மார்லிஸ்.

"படட்டும். அந்த இடத்துல ரெண்டு பேரு படுத்தா படத்தான் செய்யும்."

"வயிறு எரியுது லோரீன். அவமேல மட்டுமில்ல. அவன்மேலயும். அது என் எடம்டி. முப்பது வருஷமா என் எடம்."

"போய்ப் பக்கத்துல நில்லேன்."

"நின்னா கை சும்மா இருக்காது. புடுங்கிடுவேன்."

அவன் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவள் மூன்று தடவை கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள். ஒரு தடவை அவன் ஸ்பேனரைத் தப்பான பக்கம் திருப்புவது ஜன்னலிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் வெர்லின் உள்ளே வந்தான். கன்னத்தில் கீறல், சட்டை முழுக்கப் பெட்ரோல்.

"முடிஞ்சுது. ஓட்டிப் பாத்தேன், வழியல. நீ ஒரு தடவ வந்து பாத்துடு" என்றான்.

அவள் திரும்பவில்லை. "எதுக்குப் பாக்கணும்? நீ பண்ணிட்டல்ல."

அவள் சொன்னது கோபமா, மன்னிப்பா, இரண்டும் இல்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

தட்டைக் கீழே வைத்தாள் மார்லிஸ். "நெஜமாவே நல்லா இருந்துச்சுடி அந்தக் கட்டு. தெனமும் போய்ப் போய்ப் பாத்தேன்."

"இத ஏன் என்கிட்ட சொல்ற? நான் கட்டலையே" என்றேன். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எங்களைக் கொளுத்தப் பார்த்தார்கள், இன்னும் இங்கே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன்.

அவள் ஈரக் கையோடு வாசலுக்குப் போனாள். குதிரைமேல் இருந்தவர்கள், கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டாள்.

"வெர்லின்! நீ கட்டின கட்டப் பாத்து ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. என்னைவிட நல்லாப் பண்றவ ஒருத்தி வந்துட்டான்னு செத்துப்போனேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு. கேட்டுக்கிட்டியா?"

வெர்லின் வேலி ஓரமாக நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றினான், திரும்ப மாட்டிக்கொண்டான். பக்கத்தில் நின்ற ரெனாட்டா மட்டும் சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

மார்லிஸ் அதைப் பார்த்தாள்.

"ரெனாட்டா! நீ கையக் கழுவிட்டு உள்ள வா. உருளைக்கிழங்கு ஒரு மூட்டை உரிக்கணும்" என்றாள்.